வெளிநாட்டில் போலீஸ் மிரட்டிப் பணம் வாங்கினால், கொடுத்தவர் குற்றவாளியா?

வாசகர் ஒருவர் அனுப்பிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் யாரென்று தெரியாமலிருக்க நாடு, ஊர், அலுவலகம் பற்றிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வயது 34. பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. மூன்று வாரங்களுக்கு முன் அலுவலகக் கூட்டத்துக்காக வெளிநாடு போயிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் மனைவியையும் வரவழைத்து, கடற்கரை ஊர் ஒன்றில் சில நாள் தங்கியிருக்கிறார்கள். வாடகை ஸ்கூட்டரில், இருவரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனபோது, இரவு ஒன்பது மணி சுமாருக்குச் சீருடையில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்களாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பார்த்துவிட்டு “இது செல்லாது” என்றிருக்கிறார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலை வரை லாக்கப், அப்புறம் கோர்ட், அதற்குள் விமானம் போய்விடும் என்று மிரட்டல். மனைவி படம் எடுக்க முயன்றபோது ஃபோனைப் பிடுங்கிப் படங்களை அழித்துவிட்டார்கள். வாசகர் தூதரக எண்ணுக்கு அழைத்ததில், “ஒத்துழையுங்கள், கைது செய்தால் மீண்டும் கூப்பிடுங்கள்” என்று பதில் வந்திருக்கிறது. நாற்பது நிமிடம் போன பிறகு மனைவி அழுதுகொண்டே, “இங்கேயே கட்டிவிட முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். உடனே ஒரு போலீஸ்காரர் வாசகரை ஏடிஎம்முக்கு அழைத்துப்போய், சுமார் 250 டாலர் மதிப்புள்ள உள்ளூர்ப் பணத்தை வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை. புரியாத மொழியில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து கணவன் மனைவிக்குள் சண்டை. “நாமாகவே லஞ்சம் தர முன்வந்துவிட்டோம், நாமும் குற்றவாளிகள்தான்” என்கிறார் வாசகர். கையெழுத்திட்ட தாளால் பின்னாளில் விசா மறுக்கப்படுமா, அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா, புகார் கொடுத்தால் நாமே மாட்டிக்கொள்வோமா, அந்தப் போலீஸ்காரர்களைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதலாமா, தூதரகத்தின் மீது வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். அலுவலக வேலையாக இரண்டு மாதத்தில் அதே நாட்டுக்கு மறுபடி போக வேண்டியிருக்கிறது.

நண்பரே,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் ஒரு அவசர வேலை. உங்கள் மனைவியின் ஃபோனை எடுத்து, அழிக்கப்பட்ட படங்கள் இருக்கும் இடத்தை உடனே பாருங்கள். ஐபோனில் அழித்த படம் ‘சமீபத்தில் நீக்கியவை’ பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். கூகுள் ஃபோட்டோஸில் காப்பு (பேக்கப்) எடுக்கப்பட்ட படமாக இருந்தால் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரையும், காப்பு எடுக்காததாக இருந்தால் 30 நாள் வரையும் இருக்கும். சம்பவம் நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, ஆகையால் இன்னும் சில நாள்தான் அவகாசம். இரவு நேரத்தில் அவசரமாகப் படத்தை அழிக்கிறவர்கள் அந்தப் பகுதியையும் காலி செய்யும் அளவுக்குப் பொறுமையாக இருப்பது அரிது.

அது முடிந்ததும் நீங்களும் மனைவியும் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேட்காமல், நடந்ததை நேர வரிசைப்படி எழுதுங்கள். சீருடையின் நிறம், பெயர்ப்பட்டை அல்லது எண், வண்டியின் எண், யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என எல்லாமே வேண்டும். இரண்டு குறிப்புகளிலும் சின்னச் சின்ன வேறுபாடு இருந்தால் திருத்தாதீர்கள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வாக்குமூலங்களைவிட, முக்கியமான இடங்களில் ஒத்துப்போய்ச் சில்லறை விஷயங்களில் மாறுபடும் இரண்டு வாக்குமூலங்களைத்தான் விசாரணை அதிகாரிகள் நம்புவார்கள். ஏடிஎம்மில் பணம் எடுத்த நேரமும் இடமும் வங்கிக் கணக்கு விவரத்தில் இருக்கும். ஃபோனின் வரைபட வரலாறு, ஸ்கூட்டர் வாடகை ஒப்பந்தம், விடுதி பில், தூதரகத்துக்கு அழைத்த பதிவு எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தேதியோடு ஓர் ஆவணம் உருவாகிவிடும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். ஆதாரம் அதுவரை காத்திருக்காது.

நீங்கள் லஞ்சம் கொடுத்தீர்களா?

உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2003இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 2005இல் நடைமுறைக்கு வந்த ஊழலுக்கு எதிரான ஒப்பந்தத்தில் உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன் 15ஆம் பிரிவு, அரசு ஊழியர் லஞ்சம் கேட்பதையும் வாங்குவதையும் மட்டுமல்லாமல், அவருக்கு லஞ்சம் தருவதாகச் சொல்வதையும் கொடுப்பதையும் குற்றமாக்கச் சொல்கிறது. வாங்க மறுத்தாலும் தர முன்வந்ததே குற்றம். சிங்கப்பூரில் போக்குவரத்துப் போலீஸிடம் ஒரு சிறிய நோட்டை நீட்டினால்கூட, லஞ்சத் தடுப்புச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. ‘வெளிநாட்டில் எல்லாரும் வாங்குவார்கள், ஒரு நோட்டை மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வை’ என்று சொல்லித் தருகிறவர்கள் உங்களைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கதை அதுவல்ல. லஞ்சம் என்பது, பெரும்பாலும் நமக்கு உரிமையில்லாத ஒரு சலுகையைப் பணம் கொடுத்து வாங்குவது. நீங்கள் திரும்ப வாங்கியது உங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டையும், அந்த இடத்தைவிட்டு நகரும் சுதந்திரத்தையும். அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டிப் பறிப்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் தனியாகப் பார்க்கின்றன. லஞ்ச விஷயத்தில் மிகக் கடுமையானது என்று பெயரெடுத்தது பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம். அதற்கு 2011இல் அந்நாட்டு நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட, உயிருக்கோ உடலுக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து வந்து வேறு வழியில்லாமல் பணம் கொடுத்தவருக்கு நிர்ப்பந்தம் என்ற எதிர்வாதம் கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு என்கிறது. இந்தியாவில் 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்துவிட்டால் அவரைக் குற்றவாளியாகக் கருதாது.

அந்த 7 நாளைக் கவனியுங்கள். இப்படி ஒரு காலக்கெடு நீங்கள் போன நாட்டின் சட்டத்திலும் இருக்கக்கூடும். இருந்தால் அது உங்களுக்குக் கடந்துவிட்டிருக்கலாம். அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் அங்குள்ள எந்த அரசு அலுவலகத்துக்கும் புகார் எழுதாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் மனைவி கேட்ட அந்த ஒரு வாக்கியம். “இங்கேயே கட்டிவிட முடியுமா?” இதை லஞ்சப் பேரமாக நீங்கள் எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாலையிலேயே அபராதம் வசூலிப்பது பல நாடுகளில் சட்டப்படியான நடைமுறை. இத்தாலியில் வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை ஓட்டுபவர் அபராதத்தையோ ஈட்டுத்தொகையையோ அங்கேயே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை நிறுத்தி வைத்துவிடலாம். ஜெர்மனியிலும் அந்நாட்டில் குடியிருக்காதவரிடம் ஈட்டுத்தொகை வாங்குவார்கள். அதனால் உங்கள் மனைவி கேட்டது முறையான கேள்வி. முறையான பதில் ரசீதோடு வந்திருக்கும். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துவிட்டு, இருட்டில் நாற்பது நிமிடம் மிரட்டல் கேட்ட பிறகு, அழுகையினூடே அவர் அதைக் கேட்டிருக்கிறார். அதை வைத்து “நாமாக முன்வந்தோம்” என்று நீங்கள் வீட்டில் அவரைக் குற்றம் சாட்டுவது சட்டத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. தயவுசெய்து அந்தச் சண்டையை இன்றோடு விடுங்கள்.

உங்கள் அனுமதி உண்மையிலேயே செல்லுமா?

‘என் மீது எந்தத் தவறும் இல்லை’ என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அனுமதிப் புத்தகத்தை இப்போது திறந்து, வாகன வகைகள் உள்ள பக்கத்தைப் பாருங்கள். இரு சக்கர வாகனத்துக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை இருக்கிறதா, அல்லது காருக்கான ‘பி’ பிரிவில் மட்டும் இருக்கிறதா? காருக்கு மட்டும் முத்திரை இருந்தால் அது ஸ்கூட்டருக்குச் செல்லாது. சொந்த நாட்டு உரிமம் கையில் இல்லாமல் சர்வதேச அனுமதியை மட்டும் காட்டினாலும் செல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரும் அனுமதி வேறு, 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது வேறு. முன்னது ஓராண்டுக்குத்தான் செல்லும், பின்னது அதிகபட்சம் மூன்றாண்டு. சில நாடுகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். ஜப்பான் 1949ஆம் ஆண்டு வகையை மட்டுமே ஏற்பது ஓர் உதாரணம். வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. வண்டியைத் தந்துவிட்டார் என்பதால் உங்கள் உரிமம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. செல்லாத உரிமத்தோடு ஓட்டி விபத்தானால், பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். 250 டாலர் இழப்பைவிட நான் அதற்குத்தான் அதிகம் பயப்படுவேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், சட்டத்தில் இது உங்கள் நிலையை மாற்றக்கூடியது. அனுமதி முழுக்கச் சரியாக இருந்தால் நடந்தது அப்பட்டமான பறிப்பு. அனுமதியில் உண்மையான குறை இருந்து, சட்டப்படியான அபராதத்துக்கும் வழக்குக்கும் பதிலாகக் கைப்பணம் கொடுத்து வெளியே வந்ததாகப் பார்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை லஞ்சம் என்று வாதாட ஒரு வழி கிடைக்கும். அப்போதும் மிரட்டலும் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்ததும் உங்கள் பக்கம் வலுவாகவே நிற்கும். ஆனால் அந்நாட்டு வழக்கறிஞரிடம் பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

நம்மிடம் தவறு இருப்பதால் அவர்களின் குற்றம் மறைந்துவிடாது. 2023 ஜனவரியில் பாங்காக் போயிருந்த தைவான் நடிகை ஒருவர், இரவுச் சோதனையில் தன்னை நிறுத்திய போலீஸார் மின்சிகரெட் விவகாரத்தைச் சொல்லி 27,000 பாட் பறித்ததாக வெளிப்படையாக எழுதினார். தாய்லாந்தில் மின்சிகரெட்டுக்குத் தடை இருப்பது உண்மை. போலீஸ் தரப்பு முதலில் குற்றச்சாட்டை மறுத்தது. விவகாரம் பெரிதாகி விசாரணை நடந்த பிறகு, அந்தச் சோதனையில் இருந்த போலீஸார் மீது நடவடிக்கை வந்தது. ஊர் திரும்பிய பிறகு சொன்ன புகாருக்கும் பலன் கிடைக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தூதரகம் என்ன செய்ய முடியும்?

தூதரகத்தின் மீது உங்களுக்குள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்த்ததைச் செய்யும் அதிகாரம் எந்தத் தூதரகத்துக்கும் கிடையாது. தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தாலோ வேறு விதமாகத் தடுத்து வைத்தாலோ, அவர் கேட்டுக்கொண்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் தர வேண்டும். இந்த உரிமை இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி அவரைப் பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞர் ஏற்பாட்டுக்கு உதவலாம். இது நாடுகளுக்கு இடையிலான உரிமை மட்டுமல்ல, தனி மனிதருக்கும் உரியது என்று, அமெரிக்கா மீது ஜெர்மனி தொடுத்த லாகிராண்ட் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2001இல் சொன்னது. பாகிஸ்தான் சிறையில் இருந்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறியதாக 2019இல் தீர்ப்பளித்ததும் அதே நீதிமன்றம்தான்.

அதே ஒப்பந்தத்தின் 55ஆம் பிரிவு, தூதரக அதிகாரிகள் அந்நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. ஆகவே அவர்கள் சாலையில் நிற்கும் போலீஸ்காரருக்கு உத்தரவிட முடியாது, உங்கள் அபராதத்தைக் கட்ட முடியாது, கோர்ட்டில் உங்களுக்காக வாதாட முடியாது. “கைது செய்தால் கூப்பிடுங்கள்” என்ற பதிலில் அனுதாபம் குறைவாக இருந்தது உண்மை, அந்தக் குறையை அவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். வழக்குக்கு அதில் இடமில்லை. ஆனால் நீங்கள் அழைத்த பதிவு ஓர் ஆதாரம், சம்பவ நேரத்திலேயே உதவி கேட்டிருக்கிறீர்கள் என்பதை அது காட்டும். இதே ஊரில் இதே மாதிரிப் புகார்கள் குவிந்தால், பயண எச்சரிக்கையில் சேர்க்கவும் அந்நாட்டு அரசிடம் பேசவும் தூதரகத்துக்கு அடிப்படை கிடைக்கும். அதற்காகவாவது எழுத்தில் கொடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள், தாங்கள் குடிமக்களாக உள்ள இன்னொரு நாட்டுக்குள் இருக்கும்போது முதல் நாட்டின் தூதரகம் பெரும்பாலும் உதவ முடியாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட பயண ஆவணத்தில் போகிறவர்களுக்கும், அதை வழங்கிய நாட்டின் தூதரகப் பாதுகாப்பு அந்த ஆவணத்தால் மட்டும் கிடைத்துவிடாது என்று ஒப்பந்தத்தின் இணைப்பே சொல்கிறது. இவர்கள் புறப்படும் முன்பே போகும் நாட்டில் ஒரு வழக்கறிஞரின் எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கையெழுத்து, விசா, அலுவலகம்

அந்தத் தாள் என்னவாக இருக்கும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். போக்குவரத்து விதிமீறலை ஒப்புக்கொண்டதாக இருக்கலாம், வண்டியையும் பாஸ்போர்ட்டையும் நல்லபடியாகத் திரும்பப் பெற்றதாக இருக்கலாம், வெறுமனே பயமுறுத்த நீட்டிய பழைய படிவமாகவும் இருக்கலாம். நீதிமன்றத்தில் தண்டனை இல்லாமல் ஒரு தாளில் கையெழுத்திட்டது குற்றத் தண்டனை ஆகாது. விசா விண்ணப்பங்கள் பொதுவாகக் கைது, வழக்கு, தண்டனை பற்றிக் கேட்கும். கேள்வியில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதற்கு மட்டும் உண்மையான பதில் எழுதுங்கள். உங்கள் பெயரில் அங்கே ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதை அந்நாட்டு வழக்கறிஞர் விசாரித்துச் சொல்ல முடியும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், தனக்கெதிராக வாக்குமூலம் தர அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1966ஆம் ஆண்டு குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இருட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் முன்னால் அதை எடுத்துச் சொல்வது நடக்கிற காரியமில்லை. அதனால் இனி எப்போதாவது இப்படி ஒரு நிலை வந்து, கையெழுத்திடாமல் தப்ப முடியாது என்று ஆனால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் ‘மொழி புரியாமல், கட்டாயத்தின் பேரில் கையெழுத்திடுகிறேன்’ என்று எழுதித் தேதி போடுங்கள். அது அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, பின்னால் உங்களுக்கு உதவும்.

அலுவலக விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த 250 டாலரை டாக்ஸிச் செலவு என்று கணக்கில் காட்டும்படி நண்பர் ஒருவர் யோசனை சொன்னதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் சொந்த விடுமுறையில் உங்கள் பணம் பறிபோனது, அதில் நிறுவனத்துக்கு எந்தத் தொழில் லாபமும் இல்லை. அதை நிறுவனத்தின் கணக்கில் பொய்த் தலைப்பில் ஏற்றினால், அரசு ஊழியருக்குக் கொடுத்த பணத்தை நிறுவனம் மறைத்ததாக ஆகிவிடும். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம், அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் பொய்க் கணக்கைத் தனிக் குற்றமாகவே பார்க்கிறது. மிரட்டலுக்கு ஆளானவர் என்ற இடத்திலிருந்து, கணக்கைத் திரித்தவர் என்ற இடத்துக்கு நீங்களே போய்விடுவீர்கள். அதே நாட்டுக்கு மறுபடி அனுப்பப்போகிறார்கள் என்பதால், நிறுவனத்தின் பயணப் பாதுகாப்புக்கோ விதிமுறை இணக்கத்துக்கோ பொறுப்பானவரிடம் நடந்ததை நேராகச் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

புகார் கொடுக்கலாமா, இணையத்தில் எழுதலாமா?

கொடுக்கலாம், ஆனால் சரியான இடத்தில். அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கே எழுதுவது பெரும்பாலும் வீண், சில நேரம் ஆபத்தும்கூட. ஊழல் தடுப்பு அமைப்பு, போலீஸாரை விசாரிக்கும் உள்விசாரணைப் பிரிவு, சுற்றுலாப் போலீஸின் தலைமையகம் என்று மேல்மட்டத்தில் கொடுக்க வேண்டும். தாய்லாந்தின் 1155 போலச் சுற்றுலாப் போலீஸுக்குத் தனித் தொலைபேசி எண் உள்ள நாடுகளும் உண்டு. ஐ.நா. ஊழல் எதிர்ப்பு ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு பெயர் சொல்லாமலும் புகார் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. புகார்தாரருக்குப் பாதுகாப்பு தரும் 33ஆம் பிரிவோ, நாடுகள் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்ற அளவில்தான் நிற்கிறது. ஆகவே நீங்கள் திரும்பப் போகப் போகிற நாடாக இருந்தால், புகாரை எப்போது கொடுப்பது என்பதை வழக்கறிஞரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். பயணம் முடிந்து வந்த பிறகு கொடுப்பதுகூடத் தப்பில்லை, அதற்குள் காலக்கெடு எதுவும் முடிந்துவிடாது என்று அவர் சொன்னால்.

முகத்தையும் பெயரையும் போட்டுச் சமூக ஊடகத்தில் எழுதுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். பாங்காக் விவகாரத்தில் அது வேலை செய்தது. ஆனால் எழுதியவர் ஊரறிந்த நடிகை, அவர் பின்னால் இரண்டு நாட்டு ஊடகங்கள் நின்றன. தாய்லாந்து, இந்தோனேசியா, ஐக்கிய அரபு அமீரகம் உட்படப் பல நாடுகளில் அவதூறு என்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உண்மையையே எழுதியிருந்தாலும் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழலாம், அடுத்த முறை விமான நிலையத்தில் இறங்கும்போது அந்த வழக்கு உங்களுக்காகக் காத்திருக்கலாம். பொது இடத்தில் போலீஸைப் படமெடுப்பதும் எல்லா நாட்டிலும் உரிமை என்று நினைக்காதீர்கள். இனி அப்படிச் செய்யும் முன் அந்நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுபடி போகும்போது

பணம் பறிக்கிற போலீஸ்காரருக்குப் பிடிக்காதவை மூன்று: நேரம், சாட்சி, காகிதம். உங்கள் அவசரம்தான் அவருடைய மூலதனம். ஆகவே கோபப்படாமல், சட்டம் பேசாமல், நிதானமாக ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: “தவறு இருந்தால் அபராதச் சீட்டு எழுதித் தாருங்கள், ஸ்டேஷனிலோ வங்கியிலோ கட்டுகிறேன், ரசீது வேண்டும்.” இந்த வாக்கியத்தை உள்ளூர் மொழியில் எழுதி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். “எவ்வளவு வேண்டும்?” என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் பெயரைக் கேட்டு, அவர் கண்முன்னே ஒரு தாளில் மரியாதையாக எழுதுங்கள். நியாயமான அதிகாரிக்கு அதில் சங்கடமே இருக்காது. பறிக்க வந்தவர் பலமுறை, இந்த ஆளிடம் நேரம் போகும் என்று கணக்குப் போட்டு விட்டுவிடுவார்.

பாஸ்போர்ட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அசலை விடுதிப் பெட்டகத்தில் வைப்பது பொதுவாக நல்லது. ஆனால் ஜப்பான் போன்ற நாடுகளில் அசலைக் கையில் வைத்திருப்பதே சட்டம், அங்கே அப்படித்தான் செய்ய வேண்டும். கேட்டால் திறந்து காட்டுங்கள், உங்கள் கையிலேயே பிடித்தபடி. பிடுங்கினால் இழுபறி செய்யாதீர்கள், அது போலீஸைத் தாக்கியதாக மாறிவிடும். குறைந்த தொகை மட்டும் உள்ள ஒரு கார்டையும் கொஞ்சம் பணத்தையும் தனியாக வைத்திருங்கள். மீதி விடுதியில் இருக்கட்டும்.

சீருடை இல்லாத ஒருவர் போலீஸ் என்று சொல்லி, கள்ளநோட்டு பார்க்க வேண்டும் என்று பர்ஸைக் கேட்டால், அவர் போலீஸே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமுள்ள கடைக்குள்ளோ விடுதிக்குள்ளோ போய், அங்கிருந்து அவசர எண்ணுக்கு அழையுங்கள். அடையாளமில்லாத காரில் ஏறாதீர்கள். போதைப்பொருள் போன்ற பெரிய குற்றச்சாட்டு சொன்னால் விஷயமே வேறு. அங்கே பேரமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், எந்தத் தாளிலும் கையெழுத்தும் வேண்டாம். தூதரகம், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் என்ற மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

ரசீது கேட்பதும் பொறுமையாக நிற்பதும் பகலில், ஆள் நடமாட்டமுள்ள சாலையில் நல்ல வழி. இரவில், தனி இடத்தில், துணைக்கு வந்தவர் மீது கை வைப்பார்கள் என்ற நிலை இருந்தால், அல்லது அவர்கள் குடித்திருந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். ஸ்டேஷனுக்குப் போவதே எப்போதும் பாதுகாப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன், குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்களுக்கு. அன்றிரவு நீங்கள் கொடுத்தது சரிதான். உங்கள் மனைவிக்கும் அதுதான் சரியாகப் பட்டிருக்கிறது.

இந்த வாரமே மூன்று வேலைகளை முடியுங்கள். படங்களை மீட்டுப் பத்திரப்படுத்துங்கள். அனுமதிப் புத்தகத்தில் ‘ஏ’ பிரிவைப் பாருங்கள். உங்கள் தூதரகத்திடம் அந்நாட்டு வழக்கறிஞர்களின் பட்டியலைக் கேளுங்கள், பெரும்பாலான தூதரகங்கள் அதை வைத்திருக்கும். வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாக, உங்கள் பெயரில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். புகாருக்கான காலக்கெடு இரண்டாவது கேள்வி. அவர் பதில் கைக்கு வரும்வரை அலுவலகப் பயணத்துக்கு டிக்கெட் போட வேண்டாம் என்று நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.